பொட்டுக்குள் நின்ற ஊசி

கோட்டைமேடு, கோவை
17.9.1995

அன்புள்ள லோகா,

நன்றி என்று எழுதினால் நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எட்டு வாரப் பயிற்சி முடித்ததாகக் கம்பெனியிலிருந்து கையெழுத்து வாங்காவிட்டால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. நான் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் "பொண்ணுங்கள எடுக்கறதில்லம்மா" என்றே அனுப்பினார்கள். உன் ஒரு வார்த்தைக்காக உன் மாமா மட்டும்தான் சேர்த்துக்கொண்டார். அது உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம். மாமா மகனுக்கு உன்னைப் பேசியிருக்கும்போது அந்தப் பட்டறைக்குள் நீ போய்வருவது சரியில்லை என்று உங்கள் வீட்டில் சொல்லப்போய், எனக்கு வந்தது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். அத்தா தன் பூட்டு ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "மக கம்பெனிக்குப் போகுது" என்று சொல்கிறாராம். சம்பளம் இல்லை, இது பயிற்சிதான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் வாங்கவில்லை.

சிங்காநல்லூரில் பஸ் மாறி சூலூருக்கு முன்னால் இறங்கி, சோளக்காட்டுக்குள் நடந்தால் உன் மாமாவின் சாயப்பட்டறை. காலேஜில் நாம் வரைந்த மெஷின் படங்களில் எல்லாம் சுத்தமாக இருக்கும். இங்கே தரை ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை. முதல் வாரம் முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. நூல் அலசுகிற ராசாத்தாள் அக்கா கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "ஏங்கண்ணு, நீ பேசவே மாட்டியா? ஊமைப் புள்ளையச் சேத்திருக்கீங்களான்னு மொதலாளியையே கேட்டுப்போட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிலிருந்து அவர் கொண்டுவரும் களியில் எனக்கும் ஒரு உருண்டை.

பாய்லர் பார்க்கிறவர் பெயர் நரசிம்மலு. அறுபதை நெருங்குகிறவர். "இதுதானுங்க அம்மணி எனக்கு ரெண்டாவது சம்சாரம். மூஞ்சியப் பாத்துத்தான் வெறகு போடோணும்" என்றார். மூஞ்சி என்றது, ஆவியின் அழுத்தத்தைக் காட்டுகிற பிரஷர் கேஜை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். புகையும் சாயத் தெறிப்பும் படிந்து கண்ணாடியின் நடுவும் அடிப்பாகமும் எப்போதோ மங்கிவிட்டன. மேல்பாதியை மட்டும் அவர் தினமும் துணியால் துடைத்து வைப்பார். ஊசியின் நுனி அங்கே ஏறி வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சரியாக உச்சியில் ஏழு கிலோ அழுத்தத்துக்குச் சிவப்புக் கோடு. அதைத் தாண்டக்கூடாது. அவர் சொன்னபிறகு எனக்கும் அது முகமாகத்தான் தெரிகிறது. சிவப்புக் கோடு நெற்றி நடுவில்.

ஒரு சந்தேகம். அதிக அழுத்தம் வந்தால் தானாகத் திறக்க வேண்டிய சேஃப்டி வால்வு ஒழுகிக்கொண்டிருந்ததாம். ஸ்பிரிங்கை இறுக்கி முறுக்கி வைத்திருக்கிறார்கள். "ஆவி வீணாப் போவுதுங்கல்ல" என்றார். இது சரியா லோகா?

சாஜிதா

*

கோபிசெட்டிபாளையம்
22.9.95

சாஜி,

அடியே, இத்தனை பக்கமா! காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து உன் வாயிலிருந்து வந்த மொத்தமும் இந்த ஒரு கடிதத்தில் அடங்கிவிடும்.

உனக்காவது களி. இங்கே நூல் மில்லில் என்னைச் சூப்பர்வைசர் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மணிக்கொரு தரம் டீ கொடுக்கிறார்கள். மெஷின் பக்கம் போனால், "கவுண்டர் ஊட்டுப் புள்ளைங்க, சேலை கீது மாட்டிக்கப் போவுதுங்க" என்று ஒருத்தர் ஓடி வருகிறார். நான் போட்டிருப்பதோ சுடிதார்.

அத்தை வந்திருந்தார். தை பிறந்தால் நிச்சயமாம். மாப்பிள்ளை மோகன்குமாரும் வந்திருந்தான். என்னிடம் பேசியது ஒரே வரி: "மொபெட் ஓட்டுவீங்களா?" ஓட்டுவேன் என்றேன். போய்விட்டான். நீயும் அவனும் உட்கார்ந்து பேசினால் ஈ பறக்கும் சத்தம் கேட்கும்.

வால்வை முறுக்கி வைப்பது தப்புதான். ஆனால் நம் ஊரில் எந்தப் பட்டறையில் அது இல்லை? தீபாவளி ஆர்டர் முடியட்டும், மாமாவிடம் நானே சொல்கிறேன். நீ வாயைத் திறந்து ஏதாவது கற்றுக்கொள்.

லோகா

*

கோட்டைமேடு
5.10.1995

அன்புள்ள லோகா,

பட்டறையில் ஆயுத பூஜை பிரமாதமாக நடந்தது. வாழைக்கன்று, பொரி, சுண்டல். உன் அத்தை என் கையில் ஒரு பெரிய பொரிப் பொட்டலத்தைத் திணித்து, "ஊட்டுக்கும் கொண்டு போ கண்ணு" என்றார். எல்லா மெஷினுக்கும் ராசாத்தாள் அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார். மோட்டார், தொட்டி, தராசு, சைக்கிள் பம்பு போன்ற ஒரு சின்ன பம்பு, ஒன்றும் பாக்கியில்லை. பாய்லருக்கு வந்ததும் கேஜின் கண்ணாடியில் வைத்தார். முகம் என்றால் நெற்றியில்தானே வைப்பார்கள்.

மறுநாள் வேலை தொடங்கியது. பொட்டு அப்படியே இருக்கிறது. சிவப்புக் கோடு அதற்குள் போய்விட்டது. நரசிம்மலு ஐயா தினமும் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். ரொம்ப யோசித்துவிட்டு, "கோடு தெரியலைங்களே" என்று கேட்டேன்.

"பூசைக்கு வெச்ச பொட்டைத் தொடைக்கக் கூடாதுங்க அம்மணி. தானா உதுரோணும்."

"அதுவரைக்கும் எப்படிங்க பார்ப்பீங்க?"

"அதுல என்னங்க கஷ்டம்? ஊசி பொட்டுக்குள்ள போச்சுன்னா வெறகை நிறுத்திப்போடுவேன். அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தானுங்க வம்பு. வருசா வருசம் இப்படித்தான்."

அவர் ரொம்ப நிதானமாகச் சொன்னார். பொட்டுக்குள் ஊசி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. முறுக்கி வைத்த வால்வும் திறக்காது. அந்த இடத்தைத் துடைக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் நான் துடைக்கலாமா? நீ என்றால் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவாய். நான் துடைத்தால் அது வேறு. அத்தாவிடம் சொன்னேன். "அது உன் வேலையில்லை. பாத்தும் பாக்காத மாதிரி இரு" என்று விட்டார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

என்ன செய்யட்டும்? உடனே எழுது.

சாஜிதா

*

கோபி
7.10.95

சாஜி,

அவசரத்துக்கு இன்லண்டு லெட்டர். துடைத்துவிடாதே. நானாக இருந்தாலும் துடைக்க மாட்டேன். சூட்டில் அது காய்ந்து ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். நரசிம்மலு நாம் பிறப்பதற்கு முன்பிருந்து பாய்லர் பார்க்கிறவர். எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தால் நாளைக்கு வேலைக்குப் போய் என்ன செய்வாய்?

லோகா

*

கோட்டைமேடு
10.10.1995

லோகா,

உன் இன்லண்டு நேற்றுச் சாயங்காலம் நான் வீடு திரும்பிய பிறகுதான் கையில் கிடைத்தது. அதற்குள் துடைத்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நரசிம்மலு ஐயா டீ குடிக்க ரோட்டுக் கடைக்குப் போயிருந்தார். போகும்போது, "ஊசி இப்பத்தான் பொட்டுக்குள்ள போயிருக்குதுங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன். உள்ளே விறகு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவிக் குழாய் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. கேஜைப் பார்த்தேன். ஊசி இல்லை. பொட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. குழாய் மறுபடி தட்டியது. என் துப்பட்டாவின் நுனியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

நான் கத்தினேன். அந்தப் பட்டறையில் என் குரலை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஆவியை வெளியே விடுகிற வால்வை ஐயா எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தார். அதைத் திறந்தேன். எல்லோரும் ஓடி வருவதற்குள் ஊசி இறங்கி, கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஐயா மூச்சிரைக்க வந்து பார்த்தார். "இப்பச் சரியாத்தானுங்களே இருக்குது" என்றார். "தாண்டியிருந்ததுங்க" என்றேன். யாரும் கேஜைப் பார்க்கவில்லை. என் துப்பட்டாவைப் பார்த்தார்கள். வெள்ளைத் துப்பட்டா. நுனியெல்லாம் சிவப்பு.

"ஏனுங்க அம்மணி, அதைய எதுக்குங்க தொடச்சீங்க?" என்று ராசாத்தாள் அக்கா கேட்டார். அதுவரை என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாலையில் உன் மாமா ஆபீசுக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். "நீங்க படிச்ச புள்ளைங்க. உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைங்க. ரெண்டு நாள் ஊட்ல இருங்க அம்மணி, நானே சொல்லி உடறேன்" என்றார். வாசல் வரை வந்து செருப்புப் போடும்வரை நின்றார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதே எனக்குப் புரிந்தது.

அத்தா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா துப்பட்டாவை ஊற வைத்திருக்கிறார். கறை போகவில்லை.

சாஜிதா

*

கோபி
15.10.95, ஞாயிறு

சாஜி,

நான் வேண்டாம் என்று எழுதினேன். கடிதம் வந்து சேரும்வரை உனக்குப் பொறுக்கவில்லை. ஐயா வரட்டும் என்று ஒரு நிமிடம் நிற்கக்கூடாதா? நூல் அலசுகிற பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "கோடு தெரியலை, தொடச்சு விடுங்க" என்று சொல்லியிருக்கலாமே? உனக்கு அது வெறும் சிவப்புத் தூள். அவர்களுக்கு அப்படியில்லை. மாமா என் பேச்சைக் கேட்டு உன்னைச் சேர்த்தார். ஊரெல்லாம் இப்போது, "உங்க தங்கச்சி மக அனுப்புன புள்ள" என்றுதான் பேச்சு. எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்க மனமில்லை, இருக்கட்டும்.

இன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு சூலூர் போய் வந்தேன். பட்டறையில் மறுபடி ஒரு சின்ன பூஜை போட்டாயிற்று. எல்லோருக்கும் மனசு ஆறிவிட்டது. புதன்கிழமையிலிருந்து நீ வரலாம் என்று மாமாவே சொல்லிவிட்டார். உன் வருஷம் தப்பித்தது. போனதும் அவரிடமும் ராசாத்தாளிடமும், தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஒரே ஒரு வார்த்தை. எனக்காக.

லோகா

*

கோட்டைமேடு
19.10.1995

லோகா,

நீ சொன்னபடி நேற்றுப் புதன்கிழமை போனேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தெரிந்துதானே செய்தேன். அதனால் வாய்க்குள் வரவே இல்லை.

கேட் பூட்டியிருந்தது. புகைபோக்கியில் புகையில்லை. எதிரே தறி ஓட்டுகிறவர்தான் சொன்னார். உனக்கு வீட்டில் தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் பாய்லரிலிருந்து வரும் ஆவிக் குழாயின் ஜாயிண்ட் பிய்த்துக்கொண்டது. நரசிம்மலு ஐயா பக்கத்தில் நின்றிருந்தார்.

அங்கிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரி போனேன். வலது கையையும் கழுத்தையும் துணியைச் சுற்றாமல் திறந்தே வைத்திருந்தார்கள். ஒரு கொசுவலைக்குள் படுத்திருந்தார். அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன் லோகா. அதை எழுத முடியாது. ராத்திரி சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உதடு காய்ந்து போயிருந்தது. குனிந்து கேட்டேன். "பொட்டுக்குள்ளதானுங்க இருந்துச்சு அம்மணி. நான் பாத்துட்டேதானுங்க இருந்தேன். அந்தப் பக்கம் வரவே இல்லீங்க" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார், நான் நம்ப மாட்டேன் என்று பயந்தவர் போல.

பூஜை என்றாயே, அதையும் தறிக்காரர் சொன்னார். பழைய பொட்டைவிடப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். சந்தனத்தை அகலமாகப் பூசி அதன்மேல் குங்குமமாம். கண்ணாடியின் மேல்பாதியே மறைந்துவிட்டதாம். அதற்குள் ஊசி எட்டு போனாலும் ஒன்பது போனாலும் பொட்டுக்குள்தான். அவர் பாவம், பொட்டை நம்பி விறகு போட்டிருக்கிறார். யார் அவ்வளவு பெரிதாக வைத்தார்களோ.

வெளியே வராண்டாவில் ராசாத்தாள் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நகர்ந்து போனார். பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அந்தத் தொடச்ச கையிதான். அன்னைக்கே எனக்குத் திக்குனு இருந்துச்சு." அவர் மெதுவாகத்தான் சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

அத்தா இனி அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறார். "நாலு பேர் வாயில உன் பேரு வந்தாச்சு. பேரு மட்டும் இல்ல, நாம யாருங்கறதும்தான். படிச்ச வரைக்கும் போதும்." கடைக்கு எந்தப் பூட்டு வந்தாலும் பயப்படாத மனிதர் இப்போது இருட்டுவதற்குள் கதவைச் சாத்துகிறார்.

சாஜிதா

*

கோபி
27.10.95

சாஜி,

தீபாவளி வந்து போனது. நான் புதுத்துணி உடுத்தவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்துக்கு நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன்.

யார் வைத்தார்களோ என்று கேட்டிருந்தாய். நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசாத்தாள்தான் தட்டைத் தூக்கினாள். அத்தை அதை வாங்கி என் கையில் கொடுத்தார். "வரப்போற மருமக கையால வெச்சா எந்தத் தோசமும் நிக்காது. நீ வெய்யி கண்ணு. நல்லாப் பெருசா வெய்யி, எல்லாருக்கும் தெரியட்டும்." எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மோகன்குமார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சந்தனத்தைத் தொட்டுக் கண்ணாடியில் வைத்தேன். பாய்லர் லேசான சூட்டில்தான் இருந்தது, ஊசி கீழே எங்கோ கிடந்தது. சிவப்புக் கோடும், ஆறும், எட்டும், ஒன்பதும் என் விரலுக்குக் கீழே ஒவ்வொன்றாக மறைவதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. உன் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. ஒரு நொடி கை நின்றது. "என்ன கண்ணு?" என்றார் அத்தை. ஒன்றுமில்லை அத்தை என்றேன்.

நாம் ஒரே வகுப்பில்தானே உட்கார்ந்தோம்? கேஜ் எதற்கு என்று உனக்கு முன்னால் கையைத் தூக்கிச் சொன்னவளே நான்தான்.

சேஃப்டி வால்வைப் பற்றியும் நான் மாமாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் கெடுக்க வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உன்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது. அதாவது, நான் வைத்தது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நிச்சயம் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை.

லோகா

*

கோட்டைமேடு
31.10.1995

லோகா,

உன் கடிதம் வந்தது. படித்து முடித்துவிட்டு அம்மாவுடன் ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

நீ எனக்குச் சொல்லிவிட்டாய். என்னிடம் சொல்லி என்ன? எனக்கு முதலிலேயே தெரியும், துடைத்ததால் குழாய் வெடிக்காது என்று. தெரியாதவர்கள் சூலூரில் இருக்கிறார்கள். அவர்கள் என் கையைச் சொல்கிறார்கள்.



சாஜிதா

*

கோபி
9.11.95

சாஜி,

சொல்லிவிட்டேன்.

முதலில் மாமாவிடம் மட்டும் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆபீஸ் அறையில் கேட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும் கண்ணு. அந்தப் புள்ள யாரோ. நீ நாளைக்கு இந்த ஊட்டுக்கு வாரவ" என்றார். அவர் கெட்டவர் இல்லை சாஜி. ஆஸ்பத்திரிக்குத் தினமும் காலையில் இட்லி கொண்டுபோகிறார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதற்கு முந்தின நிமிடம்வரை நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ள யாரோ.

வெளியே வந்தேன். எல்லோரும் வேலையில் இருந்தார்கள். புது கேஜ் மாட்டியிருந்தது, பொட்டில்லாமல். "ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். சாஜிதா துடைத்ததால் இது நடக்கவில்லை, துடைத்த அன்றைக்கு அவள் எல்லோரையும் காப்பாற்றினாள், நான் வைத்ததால்தான் நடந்தது என்று சொன்னேன். படித்ததையெல்லாம் சொல்லி விளக்கினேன். ராசாத்தாள் மட்டும் கேஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப பொட்டு வெக்கறதே தப்புங்களா?" என்றாள். "வெக்கலாம். அந்த எடத்துல வெக்கக் கூடாது" என்றேன். "மொத மொத அங்க வெச்சது நானுங்களே" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் யோசிக்காமல் விட்டது அது.

நேற்று அத்தை போன் செய்தார். "நல்லா இருக்கீங்களா? அம்மா இருக்காங்களா? ஜாதகத்தை இன்னொரு எடத்துல பாக்கோணும்னு தோணுதுங்க, அதைய அம்மாகிட்டச் சொல்லீருங்க" என்றார். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்றவர் சாஜி. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உன்னிடம் ராசாத்தாள் "ங்க" போட்டதை நீ எழுதியிருந்தபோது, இதற்குப் போய் இத்தனை வருத்தமா என்று நினைத்தேன்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. மோகன்குமாரிடமிருந்து ஒன்றும் இல்லை.

நீ மறுபடி போகலாம். மாமா வேண்டாம் என்று சொல்ல மாட்டார், சொல்ல முடியாது. போவதும் போகாததும் உன் இஷ்டம். மன்னிப்புக் கேட்கச் சொன்னேனே, அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு.

லோகா

*

கோட்டைமேடு
6.12.1995

அன்புள்ள லோகா,

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பயிற்சி சனிக்கிழமையோடு முடிந்தது.

அத்தாவைச் சம்மதிக்க வைத்தது நானில்லை. உன் மாமா ஒரு நாள் கடைக்கு வந்து, பூட்டு வாங்குகிறவர் மாதிரி ஓரமாக நின்றிருந்தாராம். கூட்டம் போனபிறகு, "உங்க புள்ளைய அனுப்புங்க. கையெழுத்துப் போட நான் காத்துட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அத்தா அன்றைக்கு முழுக்க ஒரே பூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்திருந்தார்.

சேஃப்டி வால்வு புதிது. ஸ்பிரிங்கை யாரும் தொடக்கூடாது என்று உன் மாமா முத்திரை வைத்திருக்கிறார். நரசிம்மலு ஐயா வீடு திரும்பிவிட்டார். கை விரல்கள் மடங்கவில்லை. இனி பாய்லர் வேலைக்கு வர மாட்டார். பார்க்கப் போனேன். "புது கேஜு எப்படிங்க அம்மணி, மூஞ்சி நல்லாத் தெரியுதுங்களா?" என்றார். தெரிகிறது என்றேன். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ராசாத்தாள் அக்கா முதல் வாரம் என்னிடம் பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை பூஜைத் தட்டோடு பாய்லர் முன்னால் வந்து நின்றார். விரலில் குங்குமம். கை மேலே போனது, நின்றது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேஜுக்குக் கீழே, அதைத் தாங்குகிற பித்தளைக் குழாயில் வைத்தார். "நெத்தியில வெக்கக் கூடாதாமா. கழுத்துல வெச்சுட்டேன். போ கண்ணு, இனி இதுக்கு யாராச்சும் தாலியத்தான் கட்டோணும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணு என்று சொன்னதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

மோகன்குமார் ஒரு நாள் பட்டறைக்கு வந்திருந்தார். "அவங்க இன்னும் மொபெட் ஓட்டறாங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஓட்டுவாள் என்று சொல்லியிருக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதே.

பயிற்சி அறிக்கையைச் சமர்ப்பித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் "பயிற்சியில் கற்றவை" என்று ஒரு தலைப்பு உண்டே, எல்லோரும் இரண்டு பக்கம் எழுதுவார்களே. நானும் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதெல்லாம் அந்தக் கை கண் முன்னால் வந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினேன்: கேஜின் கண்ணாடி முழுவதும் தெரிய வேண்டும்.

புரொபசர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெறுமையாக இருந்தது. "எட்டு வாரத்துல கத்துக்கிட்டது இவ்வளவுதானாம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

உன் அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். வகுப்பு தொடங்கியதும் நேரில் பேசலாம். முதல் வரிசையில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வை.

சாஜி